வந்தாரா, வந்ததா

அடுத்தவர் பேச்சில் பிழை பிடிக்காவிட்டால் என் மாமனாருக்குச் சாப்பாடு இறங்காது. நாளிதழ் ஒன்றில் ஆயுள் முழுக்கப் புரூஃப் பார்த்தவர். வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றார், பழக்கத்திலிருந்து பெறவில்லை. மருந்துச் சீட்டு, மின்கட்டண ரசீது, பிஸ்கட் பொட்டலத்தின் பின்பக்கம் என்று எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் பிழை தேடுவார், அப்புறம்தான் விஷயத்துக்கு வருவார். தெருவில் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் சிவப்புப் பேனா. அது ஒருநாள் அவர் காதுக்கும் எட்டியது. கத்துவார் என்று பார்த்தால், நடுவில் வரும் 'ப்' என்ற ஒற்றை விழுங்காமல் சொல்கிறார்களே, அதுவரைக்கும் சந்தோஷம் என்றார்.

நான் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு நடத்துகிறேன். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு மனித உடம்பை வெட்டிக் காட்டுவதும் அவர்களை வெட்ட வைப்பதும் என் வேலை. என் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கடைக்கு வருகிறவர்களிடம் பேசித் தீர்த்துவிட்டு வருவாரோ என்னவோ, வீட்டில் அவர் வாயிலிருந்து முத்து உதிராது. ஆகவே எங்கள் சாப்பாட்டு மேசையில் பேச்சு என்றால் அது எனக்கும் மாமாவுக்கும் நடக்கிற சண்டைதான்.

ஒரு மாலை நான் கணவரிடம், "இன்னைக்கு ஒரு பாடி வந்துச்சு. வயசானவர், ஆனா நல்லா இருக்கு," என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மாமா கரண்டியைக் கீழே வைத்தார்.

"வந்துச்சா, வந்தாரா? வயசானவர்ங்கற, அடுத்த மூச்சுலயே இருக்குங்கற. ஏதாவது ஒரு பக்கம் நில்லும்மா."

பாடிக்கு எப்படி மாமா 'வந்தார்' போடுவது என்று கேட்டேன். அன்றைக்குப் பிடித்த சனியன்தான், அவர் இருந்தவரைக்கும் எங்களை விடவில்லை.

எங்கள் டிசெக்‌ஷன் ஹாலில் 'அது' என்றுதான் சொல்ல வேண்டும். அந்தச் சட்டத்தைப் போட்டவளே நான்தான். புதிதாக வருகிற பிள்ளைகள் முதல் நாள் மேசையருகே நின்று, இவர் யாராக இருப்பார், பிள்ளைகுட்டி இருந்திருக்குமா என்று யோசிக்க ஆரம்பிப்பார்கள். யோசித்தால் கை நடுங்கும். கை நடுங்கினால் நரம்பு அறுந்துபோகும். அந்த ஒரு நரம்பைப் பார்க்கத்தான் அத்தனை பேரும் காத்திருந்திருப்பார்கள். அதனால் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன், மரியாதை கையில் இருக்கட்டும், வாயில் வேண்டாம் என்று. முகத்தைத் துணியால் மூடிவிடுவோம். பெயர் எங்களுக்கும் தெரியாது, சொல்லவும் மாட்டோம்.

மாமாவுக்கு இதில் மரியாதைக் குறைவு ஒரு பொருட்டே இல்லை. அவருக்கு வலித்தது இலக்கணம். அவர் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உயிர் போயிற்று என்கிறோம்; போனார் என்பதில்லை. ஆக உயிர் அஃறிணை. உடம்பு கிடந்தது என்கிறோம், கிடந்தார் என்பதில்லை. ஆக உடம்பும் அஃறிணை. இரண்டும் சேர்ந்து நாற்காலியில் உட்கார்ந்து காபி கேட்டால் மட்டும் அவர்.

"ரெண்டு அதுவைக் கூட்டினா ஒரு அவர் எப்படிம்மா வரும்? கணக்கு இடிக்குதே."

கூட்டினால்தானே மாமா கணக்கு இடிக்கும் என்றேன். நான் அவருக்குச் சளைத்தவள் இல்லை. உயிர் என்று தனியாக ஒரு சாமான் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிற மாதிரியும், ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிற மாதிரியும் பேசுவதுதான் தப்பு. நான் எத்தனையோ உடம்புகளைத் திறந்து பார்த்திருக்கிறேன். உயிர் இருந்துவிட்டுப் போன காலி இடம் என்று எதையும் பார்த்ததில்லை. இதயம் வைத்த இடத்தில் இருக்கும், ஈரல் வைத்த இடத்தில் இருக்கும். ஒன்றும் குறையாது. குறைந்தது என்ன என்று கேட்டால் சுட்டிக்காட்ட ஒன்றும் இருக்காது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, இன்னொரு பக்கம் பாருங்கள் என்றேன். உயிரோடு இருக்கிறவர் உடம்பில் எதுவும் நிற்பதில்லை. தோல் உதிர்ந்து புதுத் தோல் வருகிறது, ரத்தம் மாறுகிறது, எலும்புகூடக் கரைந்து கரைந்து கட்டப்படுகிறது. செத்த உடம்பில் பொருள் அப்படியே இருக்கிறது, ஆள் இல்லை. உயிருள்ள உடம்பில் பொருள் வந்து போய்க்கொண்டே இருக்கிறது, ஆள் இருக்கிறார்.

"நீங்க போன மாசம் சாப்பிட்ட சாப்பாடுதான் மாமா இப்ப என்கூட மல்லுக்கு நிக்குது."

"அப்ப சாப்பாட்டுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

"சாப்பாடு மல்லுக்கு நிக்காது."

அவர் கடைசிக் கவளத்தை வாயில் போட்டுக்கொண்டார். பிறகு, அப்படியென்றால் சாப்பாடு நான் இல்லை, சண்டைதான் நான் என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு திருப்தி. நெடுநாளாகத் தேடிய பிழை கையில் அகப்பட்டால் அப்படித்தான் இருப்பார்.

எப்போதும் அவரே ஜெயித்தார் என்று நினைக்க வேண்டாம். குழந்தை அழுதது என்கிறோமே, குழந்தை அஃறிணையா என்று ஒருநாள் மடக்கினேன். அது வழக்கு என்றார். எது வழக்கு, எது பிழை என்று யார் முடிவு செய்வது என்றேன். அவர் எழுந்து போய், சர்க்கரை இருக்கிறவர் தொடக்கூடாத பிஸ்கட்டை அலமாரியிலிருந்து எடுத்துத் தின்றார். தோற்றால் இனிப்பு தின்பது அவர் வழக்கம்.

இப்படிச் சண்டை போட்டுப் போட்டுத்தான் அவர் அந்த முடிவுக்கு வந்தார். செத்த பிறகு உடம்பை எங்கள் கல்லூரிக்கே கொடுத்துவிட வேண்டும் என்றார். கையெழுத்தும் போட்டார். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளப் பார்த்தேன். ஆசிரியரின் உறவினர் என்றால் வேறு கல்லூரிக்கு அனுப்புவதுதான் முறை என்று சொன்னேன்.

"மருமக இருக்கிற இடத்தை விட்டுட்டு ஊரான் வீட்டுக்கா போவேன்?"

கையெழுத்து இருந்தாலும், பெற்ற பிள்ளை மனமுவந்து கொடுத்தால்தான் கல்லூரி வாங்கிக்கொள்ளும். அது மாமாவுக்கும் தெரியும். அதனால் என் கணவர் கடையில் இருந்த நேரமாகப் பார்த்து என்னிடம் வாக்கு வாங்கினார். அவன் கொடுக்க மாட்டான், நீதான் பேசி வாங்க வேண்டும் என்றார். சரி என்று சொன்னேன். சொல்லும்போது, இதெல்லாம் எங்கே நடக்கப்போகிறது என்ற நினைப்புத்தான். ஆனாலும் வாக்கு வாக்குதான், அதுவும் ஒரு எழுத்தைக்கூட விட்டுக்கொடுக்காத ஆளிடம்.

நான் கேட்டதும் என் கணவர் முடியாது என்றார். ஒரே வார்த்தை. காரணம் கேட்டு நான் கடைக்கே போனேன். ஒரு கண்ணாடிச் சட்டத்தின் திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் சொன்னார்.

"அவருக்கு அப்புறம் எனக்குப் போய் நிக்க ஒரு இடம் வேணும். உங்க காலேஜ் வாசல்லயா நிக்கச் சொல்ற?"

நான் அந்த ஆளோடு வாழ்ந்த இத்தனை காலத்தில் அவர் தனக்கென்று கேட்ட முதல் விஷயம் அது. இதை எப்படி மறுப்பேன்? மாமாவிடம் கொடுத்த வாக்கை எப்படி மீறுவேன்? இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே மேசையில், என் இருபுறமும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. எனக்குள் இன்னொன்றும் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. கணவரே சரி என்றாலும் என்னால் முடியுமா என்று எனக்கே தெரியவில்லை.

மாமா ஒரு காலையில் இறந்துபோனார். நோய் நொடி என்று படுக்கவில்லை. காபி குடித்தார், பேப்பரை எடுத்துக்கொண்டு ஜன்னலோர நாற்காலிக்குப் போனார். நான் குளித்துவிட்டு வந்து பார்த்தபோது பேப்பர் தரையில் கிடந்தது. நாடியைப் பார்த்தேன், கண்ணைத் திறந்து பார்த்தேன். என் தொழிலில் அதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை. கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவரைக் கூப்பிட்டேன். இருவருமாகத் தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்தோம்.

கணவர் அழவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் கூடத்துக்கு வந்து கல்லூரி அலுவலகத்துக்குப் போன் போட்டேன். கணவர் சம்மதிக்கவில்லை, நான் மறுபடி பேசிப் பார்க்கவும் இல்லை. ஆனால் கொடுப்பதென்றால் நேரம் கடத்தக்கூடாது; தகவலாவது சொல்லி வைப்போம் என்றுதான் போட்டேன்.

"சொல்லுங்க மேடம்," என்றார் எழுத்தர்.

எங்கள் வீட்டிலிருந்து, என்று ஆரம்பித்தேன். தமிழில் வாக்கியத்தை எப்படி வேண்டுமானாலும் ஆரம்பித்துவிடலாம். முடிக்கிற இடத்தில்தான் அது நம்மைப் பிடித்துக்கொள்ளும். வருவார் என்பதா, வரும் என்பதா? எத்தனை வருடமாக, எத்தனை பேரைப் பற்றி, ஒரு நொடி தயங்காமல் 'வரும்' என்று சொல்லியிருக்கிறேன். வாய் திறந்தபடியே நின்றேன். எழுத்தர் விவரமானவர், பாடியா மேடம் என்று அவரே கேட்டார். ஆமாம் என்றேன். எப்போது வரும் என்று கேட்டார். மறுபடியும் போன் போடுகிறேன் என்று வைத்துவிட்டேன். வருவார் என்று சொன்னால் பொய், வரும் என்று சொன்னால் துரோகம். எனக்கு அப்படித்தான் பட்டது.

உள்ளே போனபோது கணவர் மாமாவின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரே தேர்ந்தெடுத்து அப்பாவுக்காகச் செய்துகொடுத்த சட்டம். இரண்டு கம்பிகளையும் விரித்து, காதுகளுக்குப் பின்னால் பக்குவமாகச் செருகி, மூக்கில் உட்கார வைத்தார். பார்த்தார். கழற்றி, மறுபடியும் மாட்டினார். பிறகு கழற்றி மடக்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என்னைப் பார்க்காமலே பேசினார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"கண்ணாடி மாட்டிவிட்டா யாரா இருந்தாலும் ஒரு தடவை மூக்கைச் சுளிப்பாங்க. தூங்கிட்டு இருக்கிற குழந்தைக்கு மாட்டினாலும் சுளிக்கும். நாம மாட்டுறது பாதி, அந்த முகம் வாங்கிக்கிறது பாதி. இது வாங்கிக்கலை. மூக்கு அப்பாவோட மூக்குதான், அளவு எனக்குத் தெரியும். ஆனா இது அப்பா இல்ல. வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லு."

நான் பேசி வாங்க வேண்டியதை, நான் வாயே திறக்காமல் அவர் கொடுத்துவிட்டார். மாமாவிடம் கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்டது. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். மறுபடி போன் போட்டு, வண்டி அனுப்புங்கள் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

கல்லூரி வண்டி வந்தது. இரண்டு ஊழியர்கள் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே வந்தார்கள். என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார்கள், தினமும் பார்க்கிறவர்கள்தான். ஒருவர் மற்றவரிடம், கால் பக்கம் பிடி, இது கனமிருக்காது என்றார். எங்கிருந்து எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. இது என்று சொல்லாதே என்று கத்தினேன். நான் சொல்லிக்கொடுத்த வார்த்தைதான் அது. அந்த மனிதர் திகைத்து நின்றார். நான் போய் அறைவாசலில், நிலையைப் பிடித்துக்கொண்டு, வழியை அடைத்து நின்றேன்.

கணவர் எழுந்து வந்து என் கையை நிலையிலிருந்து எடுத்தார்.

"எனக்கு மாமா வேணும்," என்றேன். "நான் இனிமே யாரோட சண்டை போடுவேன்?"

"எனக்கும் வேணும். ஆனா அந்தக் கட்டில்ல இல்ல."

நான் நகர்ந்துகொண்டேன். அவர்கள் மெதுவாகத்தான் தூக்கினார்கள். நான் சொன்னதற்காகவோ என்னவோ, அதன்பிறகு ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை. வண்டி கிளம்பிய பிறகுதான் என் கணவர் அழுதார். தெருவில் நின்றுகொண்டே, போகிறவர் வருகிறவர் பார்க்க, வாய்விட்டு அழுதார்.

எங்கள் துறைத்தலைவி நிதானமான பெண்மணி. வேறு கல்லூரிக்கு அனுப்பிவிடலாமே என்றார். மாமா சொன்ன ஊரான் வீட்டுக் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, சரி, ஆனால் அந்த மேசைக்கு நீ போகக்கூடாது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன், எந்த மேசை என்பது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தால் போதும் என்றார். நான் தலையாட்டினேன். போகிற உத்தேசமும் எனக்கு இல்லை.

பதப்படுத்தி, சில மாதங்கள் தொட்டியில் வைத்து, புது வகுப்பு தொடங்கியபோது ஹாலுக்குக் கொண்டு வந்தார்கள். கடைசி ஜன்னலோர மேசை. முதல் நாள் பிள்ளைகளிடம் வழக்கமான சட்டத்தைச் சொன்னேன். குரல் பிசிறவில்லை. மற்ற மேசைகளில் எல்லாம் வழக்கம்போல வேலை பார்த்தேன், திட்டினேன், நரம்பைத் தேடிக் கொடுத்தேன். அந்தப் பக்கம் மட்டும் திரும்பவில்லை. கண்ணை எரிக்கிற அந்த மருந்து வாடைக்குள் ஒரு மூலை எனக்கு இல்லாமலே போயிற்று. மாலையில் என் கணவர் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு என்னைக் கூட்டிப்போக வர ஆரம்பித்தார். அதற்கு முன் வந்ததே இல்லை. கல்லூரி வாசலில் கொஞ்சம் முன்னதாகவே வந்து நிற்பார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

துறைத்தலைவி வராத ஒருநாள். கை பற்றிய பாடம் ஆரம்பிக்கிற நாளும் அதுதான். ஜன்னலோர மேசையிலிருந்து ஒரு பெண் கையுறையோடு என்னிடம் நடந்து வந்தாள். எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கிற பெண். வகுப்பில் அவளுக்கு ஏன் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

"மேடம், அதோட வலது கையில, நடுவிரல் ஓரத்துல ஒரு காய்ப்பு இருக்கு. என்ன வேலை பார்த்திருப்பார்?"

நான் வைத்திருந்த கிடுக்கியைத் தட்டில் போட்டேன். அதோட என்று ஆரம்பித்து, பார்த்திருப்பார் என்று முடித்திருந்தாள். ஏதாவது ஒரு பக்கம் நிற்கச் சொல்லித் திருத்த வேண்டிய வாக்கியம். அதைத் திருத்த எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. அந்த விரல் அங்கே கிடக்கிறது, அது அஃறிணைதான். அந்த விரலில் அந்தக் காய்ப்பை உண்டாக்கியது கிடக்கிற எதுவும் இல்லை. அதைச் செய்த ஒருவர் இருந்தார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எல்லா மேசைக்கும் நாங்கள் சொல்கிற பதில் அதுதான். நான் அவள் பின்னால் நடந்தேன்.

முகம் மூடியிருந்தது. கை வெளிறி, விறைத்து, விரல்கள் பாதி மடங்கிய நிலையில் இருந்தன. அந்த ஓரத்தில், நகத்துக்குக் கொஞ்சம் கீழே, பட்டாணி அளவுக்குத் தோல் தடித்திருந்தது. இத்தனை வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறேன், அதை நான் பார்த்ததே இல்லை. பார்த்ததெல்லாம் வாயைத்தான். அந்த மேசைப் பிள்ளைகள் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பேனா பிடிச்ச கை. பேப்பர்ல புரூஃப் பார்த்தார்," என்றேன்.

எப்படி மேடம் தெரியும் என்று அவள் கேட்டாள். கேட்காமல் இருப்பாளா?

"என் மாமனார்."

பிள்ளைகள் ஒரு அடி பின்வாங்கினார்கள். ஒருவன் கத்தியைச் சத்தம் வராமல் தட்டில் வைத்தான். அந்தப் பெண் மட்டும் நகரவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது; மருந்து நெடியாகவும் இருக்கலாம்.

"அப்ப மேடம், நாங்க அதை... அவரை..."

அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை. அந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும். அங்கே வாய் திறந்தபடி நான் நின்றிருக்கிறேன்.

"வெட்டும்மா," என்றேன். "அவர் சரின்னுதான் சொல்லியிருக்கார்."

அவள் கத்தியை எடுத்தாள். கை லேசாக நடுங்கியது. முதலில் தோலை மட்டும், அழுத்தாமல், மணிக்கட்டிலிருந்து ஆரம்பி என்று சொன்னேன். பிறகு மேலே தொங்கிய விளக்கை இழுத்து, மாமாவின் கைமேல் தாழ்த்திப் பிடித்துக்கொண்டேன்.